கோப்புகளின் சாவி யாரிடம்?

வடபழனியில் ஆற்காடு சாலையை ஒட்டிய நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் படப்பிடிப்பு நிலையங்களிடம் இருந்தது. நாகிரெட்டியின் விஜயா-வாகினி இருந்த இடத்தில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. ஆயினும் திரைத்தொழில் இவ்வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் ஆகிய பகுதிகளின் குறுக்குத் தெருக்களில், சாதாரண மாடி வீடுகளுக்குள், படத்தொகுப்பும் ஒலிக்கலவையும் வண்ணச் சீரமைப்பும் கணினி வரைகலையும் இரவு பகலாக நடந்துகொண்டிருக்கின்றன. அங்கே படச்சுருள் பெட்டிகள் இல்லை. குளிரூட்டப்பட்ட ஒரு சிற்றறையில் இரைந்துகொண்டிருக்கும் சர்வர்தான் இருக்கிறது.

இரண்டரை மணி நேரப் படம் என்றால் பழைய கணக்கில் 35 மி.மீ. சுருள் ஏறத்தாழ 13,500 அடி. ஆயிரம் அடிச் சுருள்களாக வைத்தால் பதினான்கு பெட்டிகள். கண்ணால் எண்ணலாம், கையால் தூக்கலாம், பூட்டி வைக்கலாம். அதே படத்தைச் சுருக்கப்படாத 2கே தரத்தில் வைத்திருந்தால் ஒரு சட்டகத்துக்கு 12 மெகாபைட்டுக்குச் சற்று மேல். நொடிக்கு 24 சட்டகம் என்பதால் நொடிக்கு 300 மெகாபைட். முழுப்படம் 2.7 டெராபைட்டைத் தாண்டும். 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. இறுதி வடிவத்தின் கணக்கு மட்டுமே இது. எடுத்துத் தள்ளிய காட்சிகளும் இடைநிலை வடிவங்களும் தனி. ஒரு தயாரிப்பாளர் வட்டிக்கு வாங்கிய கோடிகள் அனைத்தும் சில மாதங்களுக்கு அந்தச் சிற்றறையின் வட்டுகளில்தான் குடியிருக்கின்றன.

பலர் ஒரே நேரத்தில் எடுத்துப் பயன்படுத்தும்படி கோப்புகளை ஓரிடத்தில் வைத்திருந்து, கேட்பவருக்குக் கேட்டதைக் கொடுக்கும் கணினியே ஃபைல் சர்வர் எனப்படுகிறது. நூலகத்தில் நூலகர் செய்யும் வேலையை அதற்குள் செய்வது இயங்குதளம். யார் எதைப் பார்க்கலாம், யார் திருத்தலாம், இருவர் ஒரே கோப்பைத் திறந்தால் என்ன செய்வது, வட்டில் பழுது வந்தால் எப்படி அறிவது என்பவற்றை அதுவே தீர்மானிக்கிறது. திரைக்கூடங்களுக்கு மட்டுமன்று, தணிக்கையாளர் அலுவலகத்துக்கும் வழக்குரைஞர் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இது பொருந்தும்.

என் பழைய மாணவர் ஒருவர் இத்தகைய வரைகலைக் கூடம் ஒன்றை நடத்துகிறார். புதிய சர்வர் வாங்கும் தருணத்தில், "விண்டோஸ் போடலாமா, லினக்ஸ் போடலாமா சார்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்று கேட்டார். நான் கணினிப் பொறியாளன் அல்லேன். முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன். ஆனால் இந்தக் கேள்வியின் பெரும்பகுதி பொருளியல்தான் என்பது என் துணிபு. அதனாலேயே இங்கு எழுதுகிறேன்.

முதலில் விலை. விண்டோஸ் சர்வரின் உரிமம் கணினியில் உள்ள செயலிக் கருக்களின் எண்ணிக்கைப்படி விற்கப்படுகிறது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கருக்களுக்கு உரிமம் பெற்றாக வேண்டும். அதற்கு மேல், அந்தச் சர்வரை அணுகும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக ஓர் அணுகல் உரிமம் வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடம் முப்பது பேராக வளரும்போது சர்வர் அதேதான். கட்டணம் மட்டும் வளர்கிறது. லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த டெபியன், உபுண்டு போன்றவற்றுக்கு இக்கட்டணம் ஏதுமில்லை. இங்கேயே கணக்கை முடித்துக்கொண்டு, இலவசமே மலிவு என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. அது அரைகுறைக் கணக்கு. இரவு பதினொரு மணிக்குச் சர்வர் நின்றுபோனால் வந்து பார்க்கக்கூடிய ஆள் யார், அவர் சம்பளம் என்ன, அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் கிடைப்பாரா என்பதும் விலையே. விண்டோஸ் அறிந்தவர் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். லினக்ஸ் சர்வரைப் பொறுப்பாகப் பேணத் தெரிந்தவர் குறைவு. கிடைத்தால் திறமையானவராக இருப்பார், கேட்கும் சம்பளமும் அதற்கேற்ப இருக்கும். ஐந்தாண்டுக் கணக்குப் போட்டால் உரிமக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்காகிவிடுவதைப் பல இடங்களில் காணலாம்.

விலையை விடக் கனமானது இன்னொன்று: மாறிச் செல்லும் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் ஊறிப்போன பின் வேறொன்றுக்குப் போக ஆகும் பணம், நேரம், பழக்கச் சிதைவு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். தமிழர்களுக்கு இதை விளக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டு தேவையில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து அச்சகங்களும் பதிப்பகங்களும் அலுவலகங்களும் ஆளுக்கொரு தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து குவித்தன. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதை ஒழுங்குபடுத்த முயன்றது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் உருவான கோப்புகளில் எத்தனை இன்று திறந்தால் கோணல்மாணலான குறிகளாக மட்டும் தெரிகின்றன என்பதைப் பதிப்பாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழுத்துரு விற்றவர் கடையை மூடினார். கோப்பு நம்மிடமே இருந்தது. திறக்கும் சாவி போய்விட்டது.

ஃபைல் சர்வர் விஷயத்தில் அந்த நிலை முழுமையாக ஏற்படாமல் காத்த கதை ஒன்று உண்டு. விண்டோஸ் கணினிகள் சர்வருடன் பேசுவதற்கு எஸ்எம்பி என்னும் நெறிமுறை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கணினிகளுக்கிடையே கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்துக் கவனித்தே அந்த மொழியைக் கற்றுக்கொண்டு, அதைப் பேசும் நிரல் ஒன்றை எழுதினார். மொழி தெரியாத ஒருவன் பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் மேசைக்கு என்ன வருகிறது என்று பார்த்தே பிரெஞ்சு கற்பதைப் போன்றது இது என்று அவர் பின்னாளில் விளக்கினார். அந்த நிரலே இன்று சாம்பா. அது இயங்கும் லினக்ஸ் கணினி, விண்டோஸ் கணினிகளின் கண்ணுக்கு மற்றுமொரு விண்டோஸ் சர்வராகவே தெரியும்.

ஒட்டுக்கேட்டுக் கற்றால் எவ்வளவு தூரம் போக முடியும்? 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு 49.7 கோடி யூரோ தண்டம் விதித்து, தன் சர்வர்கள் பேசும் நெறிமுறைகளின் விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணத்தில், சாம்பா எழுதுவோருக்கு அந்த ஆவணங்கள் கிடைத்தன. செய்தித்தாள்கள் தண்டத் தொகையையே தலைப்பாக்கின. பயனாளிக்கு உண்மையான ஆதாயம் அந்த ஆவணங்களில்தான் இருந்தது. மேசைக் கணினிகளை அப்படியே விட்டுவிட்டுச் சர்வரை மட்டும் மாற்றலாம் என்ற நிலை அதனால் வலுப்பெற்றது. போட்டிச் சட்டம் நுகர்வோருக்கு என்ன செய்யும் என்று வகுப்பில் கேட்கும் மாணவர்களுக்கு, விலைக் குறைப்பைவிட இதையே நான் சுட்டிக்காட்டி வந்தேன்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2006-07இல், எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனத்தின் மேசைக் கணினிகளையும் சர்வர்களையும் விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார். இந்தியாவில் ஒரு மாநில அரசு நிறுவனம் அவ்வளவு வெளிப்படையாக அந்த முடிவை எடுத்தது அன்று பெரும் செய்தி. அதே காலத்தில் சென்னையில் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் இணைந்து பணியாற்றின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. ஆக, ஆளும் இருந்தனர், இயங்குதளமும் இருந்தது, செய்துகாட்டிய முன்மாதிரியும் இருந்தது.

எனினும் உமாசங்கர் அப்பொறுப்பிலிருந்து மாற்றப்பட்ட பின் அந்த வேகம் நீடிக்கவில்லை. அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டு சென்றபோது, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, பாடநூலையும் தேர்வையும் அதற்கேற்ப அமைத்தது. திட்டம் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாகவே உருமாறிற்று. ஆட்சிகள் மாறின, பள்ளிக் கணினிகள் பழையபடி விண்டோஸுக்குத் திரும்பவில்லை. இங்கே முடிவு ஓர் அதிகாரியிடம் இருந்தது, அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர் கூட்டத்திடம் இருந்தது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியும் 2003இல் முடிவெடுத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. மேசைக் கணினியை மாற்றுவது ஒவ்வோர் ஊழியரின் விரல் பழக்கத்தோடும் மோதுவது. சர்வரை மாற்றுவதில் அந்த மோதல் இல்லை. கோப்பு வழக்கமான இடத்தில் வழக்கம்போல் திறந்தால் ஊழியருக்கு உள்ளே இருப்பது எது என்று தெரியவே தெரியாது. எனவே அரசு அலுவலகங்கள் மாற்றத்தைத் தொடங்க வேண்டியது சர்வர் அறையிலிருந்துதான் என்பது என் கருத்து. மைய அரசு 2015இல் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது. கொள்கை நல்லதுதான். சர்வரைப் பேணும் ஊழியருக்கான பணியிடத்தைக் கொள்கையால் உருவாக்க முடியாது. அதற்கு நிதித்துறையின் ஒப்புதல் வேண்டும்.

லினக்ஸ் பக்கம் நிற்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவசத்துக்கும் உரிமையாளர் இருக்கக்கூடும். கட்டணம் பெற்று ஆதரவளிக்கும் ரெட் ஹேட் லினக்ஸின் மூல நிரலைக் கொண்டு, அதற்கு நிகராகக் கட்டணமின்றி உருவாக்கப்பட்டது சென்ட்ஓஎஸ். 2004 முதல் உலகெங்கும் சர்வர்களில் அது பரவியது. திரைப்பட வரைகலைத் துறையில் ஏறக்குறைய பொதுத்தரமாகவே ஆகிவிட்டது. (இத்துறைக்கும் லினக்ஸுக்கும் உறவு பழையது. 1997இல் வெளிவந்த 'டைட்டானிக்' படத்தின் வரைகலைக் காட்சிகளை உருவாக்க டிஜிட்டல் டொமைன் நிறுவனம் லினக்ஸ் இயங்கும் நூற்றுக்கு மேற்பட்ட கணினிகளைப் பயன்படுத்தியது.) 2014இல் ரெட் ஹேட் நிறுவனமே சென்ட்ஓஎஸ் திட்டத்தைத் தன் குடைக்குள் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 8 அன்று, 2029 வரை பராமரிக்கப்படும் என்று எல்லோரும் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. எட்டாண்டுகள் ஒரே அறிவிப்பில் கரைந்தன.

பொருளியலில் இதற்குப் பெயர் உண்டு: காலமுரண். இன்று ஒரு வாக்குறுதி தருவது ஒருவருக்கு ஆதாயமாக இருக்கும். நாளை அதை மீறுவது ஆதாயமாகிவிடும். கிட்லண்டும் பிரெஸ்காட்டும் 1977இல் அரசுகளின் கொள்கை குறித்து எழுதி, 2004இல் நோபெல் பரிசு பெற்றது இத்தகைய சிந்தனைக்காகவே. மீற முடியாதபடி கையைக் கட்டிக்கொண்ட வாக்குறுதியே நம்பத்தக்கது. சென்ட்ஓஎஸ் பயனர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூல நிரல் திறந்திருந்ததால், சென்ட்ஓஎஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரெகரி கர்ட்சர் ராக்கி லினக்ஸைத் தொடங்கினார், அல்மாலினக்ஸும் எழுந்தது. இரண்டும் 2021இலேயே பயன்பாட்டுக்கு வந்தன. வாக்குறுதி முறிந்தாலும் வெளியேற ஒரு வாசல் இருந்தது.

வாசல் இல்லாதபோது நேர்வதையும் அண்மையில் கண்டோம். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நயாரா எனர்ஜி என்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம், மைக்ரோசாஃப்ட் சேவைகள் தனக்குத் திடீரென நிறுத்தப்பட்டதாகக் கூறித் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. சில நாள்களில் சேவை மீண்டது. இந்தியாவில் இயங்கும் நிறுவனம், இந்தியச் சட்டப்படி குற்றமேதும் இல்லை, கட்டணமும் செலுத்தியிருக்கிறது; ஆனால் முடிவு வேறு கண்டத்தில் எடுக்கப்பட்டது. இது இணையவழிச் சேவை பற்றியது. நம் அறையில் நாமே வைத்திருக்கும் சர்வர் விண்டோஸாக இருந்தாலும் அப்படி ஓரிரவில் கைவிட்டுப் போகாது. சொந்தச் சர்வரே வேண்டாம், எல்லாவற்றையும் மேகத்தில் வைத்துவிடலாம் என்று சொல்வோரிடம் நான் இந்நிகழ்ச்சியை நினைவூட்டுவதுண்டு.

பாதுகாப்பு பற்றிய வாதத்தில் இரு தரப்பாரும் மிகைப்படுத்துகிறார்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற பணயத் தீநிரல், எஸ்எம்பி நெறிமுறையின் பழைய வடிவத்தை விண்டோஸ் கையாண்ட விதத்திலிருந்த ஓட்டையில்தான் நுழைந்தது. பிரிட்டனின் பொதுமருத்துவமனைகள் பல முடங்கின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. நிறுவிக்கொள்ளாதவர்களே பெரிதும் சிக்கினார்கள். அதே மாதம் சாம்பாவிலும் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. 2010 முதல் ஏழாண்டுகளாக அது யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. திறந்த நிரல் என்பதால் பல கண்கள் பார்க்கும் என்பது உண்மை. பார்க்க வாய்ப்பிருப்பதும் பார்ப்பதும் ஒன்றல்ல.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சிற்றூர்களிலிருந்து ரயிலேறி வந்த நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவதும் பரிசோதனை முடிவு தருவதும் பல நாள்கள் கைவழியாக நடந்தன. தரவை மீட்டது எது? தாக்குதலுக்கு ஆளாகாத ஒரு காப்புச் சர்வர். வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என்றும் அதே பதிலில் கூறப்பட்டது. இந்தச் செய்தியில் எந்த இயங்குதளம் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது.

காப்புப் பிரதி இருக்கிறது என்பதற்கும் அதிலிருந்து மீட்க முடியும் என்பதற்கும் இடையே உள்ள தொலைவைத் திரைத்துறை நன்கு அறியும். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ இட்ட அழிக்கும் கட்டளை ஒன்று படத்தின் பெரும்பகுதியைச் சில நிமிடங்களில் துடைத்துவிட்டது. காப்புப் பிரதியைத் தேடினால், அது சில வாரங்களாகவே சரியாகப் பதிவாகவில்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காத்தது. அங்கே கணினிகளும் திறமானவை, ஆள்களும் திறமானவர்கள்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தி பயன்படும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பு, எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைக்கிறது. வட்டு ஓசையின்றிப் பழுதானால் படிக்கும்போதே தெரிந்துவிடும். இரண்டாம் பிரதி இருந்தால் தானே திருத்திக்கொள்ளும். குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே உறைய வைக்கும் வசதியும் உண்டு. பயனர் கணினி வழியாக நுழைந்த பணயத் தீநிரல் இன்றைய கோப்புகளைப் பூட்டினாலும், சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் கைப்பற்றப்படாதவரை, நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். 2010இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கி மூல நிரலை மூடிக்கொண்டது. அதற்குள் வெளியே வந்திருந்த நிரலை வைத்து 2013இல் ஓபன்இசட்எஃப்எஸ் திட்டம் உருவாயிற்று. இன்று ஃப்ரீபிஎஸ்டியிலும் லினக்ஸிலும் அது கிடைக்கிறது. பெரிய கோப்புகளைப் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியவர்கள் இயங்குதளத்தின் பெயரைவிட இந்தக் கோப்பமைப்பைப் பற்றி முதலில் விசாரிப்பது நல்லது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். விற்பனையாளர் எவரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்நாடு' என்ற சொல் நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கு ஒன்பது குறிகள், 27 பைட். அச்சொல்லை ஒன்பது முறை எழுதினால் 243 ஆகிவிடும். பத்தாம் முறைக்கு இடமில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டுக்குப் பதிலாகக் குறிகளை எண்ணுவதால் அங்கே 28 முறை எழுதலாம். அரசாணைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் நம் அலுவலக வழக்கத்தில், விண்டோஸில் சிக்கலின்றி இருந்த கோப்பு லினக்ஸ் சர்வருக்கு நகர மறுக்கும்.

இன்னொன்று மேலும் நுட்பமானது. 'கொ', 'கோ', 'கௌ' போன்ற எழுத்துகளை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு வேறுபாடில்லை. மேக் கணினிகளின் பழைய கோப்பமைப்பு எப்போதும் பிரித்தே வைக்கும். லினக்ஸோ வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளும். விளைவு, 'பொங்கல்' என்ற பெயரில் ஒரே உறைக்குள் இரண்டு கோப்புகள். ஒன்றில் நேற்றைய திருத்தம், மற்றதில் இன்றைய திருத்தம். படத்தொகுப்பு அறைகளில் மேக்கும் விண்டோஸும் லினக்ஸும் கலந்தே புழங்குவதால் இது கற்பனைச் சிக்கலன்று. இசட்எஃப்எஸ்ஸில் இரு வடிவங்களையும் ஒன்றாகக் கருதச் சொல்லும் அமைப்பு உண்டு. ஆனால் அதைக் கோப்புத் தொகுதியை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற இயலாது.

மாணவருக்கு நான் சொன்னது இதுதான். டேலி கணக்கும் அலுவலகக் கடிதங்களுமே வேலை, கணினியெல்லாம் விண்டோஸ், பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை என்ற தியாகராய நகர்க் கடைக்காரருக்கு விண்டோஸ் சர்வரோ, வட்டுகளோடு ஆயத்தமாக விற்கப்படும் சேமிப்புப் பெட்டியோ போதும். அதில் குறைகாண ஒன்றுமில்லை. உங்கள் கூடம் அப்படிப்பட்டதன்று. டெராபைட் கணக்கில் கோப்புகள், பலவகைக் கணினிகள், ஆண்டுக்காண்டு கூடும் ஆள்கள். நீண்டகால ஆதரவுள்ள லினக்ஸும் சாம்பாவும் இசட்எஃப்எஸ்ஸும் உங்களுக்குப் பொருந்தும். உரிமத்தில் மிச்சமாகும் பணத்தை, சர்வரைப் பேணத் தெரிந்த ஓர் இளைஞரின் சம்பளத்துக்கும் அவருக்கு அடுத்தவரைப் பழக்குவதற்கும் ஒதுக்குங்கள். ஒதுக்க மனமில்லை என்றால் விண்டோஸே வாங்குங்கள்.

அவர் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்துச் சர்வரைத் தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு ஏற்றினார். ஒரு காப்புப் பிரதி வேறு பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கிறது. மாதந்தோறும் முதல் சனிக்கிழமை, அதிலிருந்து ஏதேனும் ஒரு காட்சியை மீட்டெடுத்துத் திரையில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அவர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் மட்டும் விண்டோஸ் சர்வர் 2016 இயங்கும் பழைய கணினி ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரி 12 வரையே வரும். அதை என்ன செய்வது என்பது எங்கள் அடுத்த சந்திப்புக்கான பேச்சு.